மழைக்கு வாசித்த நாவல்

"ஏட்டி, கண்ணுல ஆப்ரேசன் முடிஞ்சிட்டு. ஒரு மாசத்துக்குப் பொஸ்தகத்தத் தொடக்கூடாதுன்னுட்டாவ. நீ அந்த நாவல எடுத்துக்கிட்டு அஞ்சு நாள் இங்கன வந்து இருந்து படிச்சுக் காட்டிட்டுப் போ. கடைசியில என்னாச்சுன்னு தெரியாம நான் செத்துறக் கூடாது."

செண்பகம் போனில் இப்படிச் சொன்னாள். கண்புரை அறுவைக்குச் சாவை இழுக்கிறவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். எந்த நாவல் என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் மதுரையில் ஒரே விடுதி அறையில் இருந்து எம்.ஏ. ஆங்கிலம் படித்தோம். பாடத்தில் ஒரு நையாண்டி நாவல் இருந்தது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே லண்டனில் வேலைவெட்டி இல்லாத பணக்கார இளவட்டங்கள் அடித்த கூத்துதான் கதை. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பிரதி. முக்கால்வாசி படித்திருந்தபோது செண்பகத்தைக் கல்யாணத்துக்கென்று ஊருக்குக் கூட்டிப் போனார்கள். பரீட்சைக்குக்கூட அவள் திரும்பி வரவில்லை. அவள் நிறுத்திய பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது.

புத்தகம் என்னோடு கும்பகோணத்துக்கு வந்தது. பிறகு நான் கல்லூரியில் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் அதையே பாடமாக நடத்தினேன். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அட்டை போய், முதுகு விட்டு, தாள் எல்லாம் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்துவிட்டது. டிக்கெட்டை மட்டும் நான் எடுக்கவில்லை.

நான் கிளம்பிய அன்று எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மழையைத் திட்டிக்கொண்டேதான் ஆட்டோவில் ஏறினேன்.

கோவில்பட்டியில் இறங்கியபோது காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் அறைந்தது. கையில் குடையைப் பார்த்த டீக்கடைக்காரர், "எந்த ஊருல இருந்து வாரீங்க?" என்றார். சொன்னேன். "அதானே பாத்தேன்" என்று டீயை ஆற்றினார். அவர் கடையிலேயே கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கி, பெரிய வீராங்கனை போல வலது கடைவாய்ப் பல்லால் கடித்தேன். போன வருஷம் அடைத்த பல்லின் அடைப்பு மிட்டாயோடு வந்துவிட்டது. அந்த ஐந்து நாளும் இடது பக்கம் மட்டும் மென்றேன்.

பஸ் விளாத்திகுளம் போய்ச் சேரும் முன்பே இரண்டு முறை நின்றது. இரண்டாவது முறை நின்ற இடத்தில் ஒரு மரம்கூட இல்லை. டிரைவர் கீழே படுத்து எதையோ தட்டிக்கொண்டிருக்க, நாங்கள் பஸ்ஸின் நிழலில் வரிசையாக நின்றோம். எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"ஒங்க பக்கம் விழுந்துதா?"

"எங்க? தூத்துக்குடியில பேஞ்சிருக்காம்."

"அங்கன பேஞ்சு என்னத்துக்கு? கடல்ல தண்ணி கொறஞ்சா போச்சு?"

சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை கருப்பு. உழுது போட்ட கருப்பு மண், நடுநடுவே சீமைக்கருவேலம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் உழுத நிலம் என்றால் சேறு, கொக்கு, தவளைச் சத்தம். இங்கே உழுத நிலத்தில் ஒரு குருவியைக்கூடக் காணோம். இதில் ஏதாவது போட்டிருக்கிறார்களா, சும்மா கிடக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

நாகலாபுரத்துக்குப் பிரிகிற விலக்கில் செண்பகத்தின் கணவர் முத்துராஜ் பைக்கோடு நின்றார். இந்தப் பக்கம் வந்தால் நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பைக்கில் போகும்போது, "இந்த நிலமெல்லாம் சும்மாவா கிடக்கு, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சும்மாவா? எல்லாம் வெதச்சாச்சு டீச்சர். உள்ளுக்குள்ள கெடக்கு."

மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவது இந்தக் கரிசல் காட்டு வழக்கம். மழை விழுந்த பிறகு இந்த மண்ணில் கால் வைக்க முடியாது, முழங்கால்வரை இழுத்துவிடும். அதனால் வானத்தை நம்பி முதலிலேயே போட்டுவிடுகிறார்கள். அண்ணாச்சி ஆறு ஏக்கரில் உளுந்தும் சோளமும் போட்டிருந்தார். வீட்டில் இருந்த விதை முழுவதும் மண்ணுக்குள்.

"இன்னையோட பதினெட்டு நாளு. எறும்பு கொஞ்சம், மயில் கொஞ்சம் தின்னுட்டுது. மிச்சம் இன்னும் பத்து நாள் தாங்கும். அதுக்குள்ள ஒரு முழு மழ வேணும்."

"கொஞ்சமா பெய்தாலும் பரவாயில்லையே?"

அவர் பைக்கை நிறுத்தியே விட்டார். "ஐயோ டீச்சர், அப்படிச் சொல்லாதீங்க. அரகொறையா பேஞ்சா வெத முளச்சிரும். வேரு கீழ போக ஈரம் இருக்காது. கருகிரும். அதுக்குப் பேயாமலே கெடக்கலாம்."

செண்பகம் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் ராணி போல உட்கார்ந்திருந்தாள். தூசி ஆகாது, புகை ஆகாது, குனியக் கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் இந்த ஊரில் ஒரு பெண் எப்படி ஒரு மாதம் இருப்பது என்பதை டாக்டர் சொல்லி அனுப்பவில்லை. என் கையைத் தடவிப் பார்த்து, "தடிச்சுட்டியே ஏட்டி" என்றாள். பிறகு புத்தகத்தை வாங்கி முகர்ந்தாள். விரலால் தடவிக்கொண்டே போய் டிக்கெட் இருந்த பக்கத்தில் நிறுத்தினாள்.

"எடுக்கவே இல்லியா நீ?"

"இல்லை."

"மொதல்ல இருந்து படி. நடுவுல இருந்து படிச்சா எனக்கு ருசிக்காது."

அன்று இரவு கருவாட்டுக் குழம்பும் சோளச் சோறும். இடது பக்கமாக மென்று சாப்பிட்டேன். எங்கள் ஊர் பில்டர் காபிக்கு நாக்கு ஏங்கியது. கிடைத்தது கருப்பட்டிக் காபி. குறை சொல்ல வாயெடுத்தவள், அந்த வீட்டில் பால்மாடு விற்றுப்போன கதையைக் கேட்டதும் டம்ளரைக் காலி செய்துவிட்டு வைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் அண்ணாச்சியோடு காட்டுக்குப் போனேன். வயல் என்று சொல்லக்கூடாது, காடு என்றுதான் சொல்ல வேண்டும். அவர் ஒரு இடத்தில் குத்தவைத்து மண்ணைக் கிளறி ஒரு உளுந்தை எடுத்துக் காட்டினார். போட்டது போட்டபடியே இருந்தது. அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்து மூடினார். தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் வாசிப்பைத் தொடங்கினோம். கதாநாயகன் ரோலோ, ஒரு பிரபு வீட்டு இளையவன். அண்ணன் முதல் போரில் செத்துப்போனவன். ரோலோவின் தோழி லெட்டிஸ், மூன்றாவது மாடியில் குதிரைக்குட்டி வளர்க்கிறவள். முதல் அத்தியாயத்திலேயே ஒரு விருந்து. அதில் எல்லோரும் அவரவர் வீட்டு வேலைக்காரர்களின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ரோலோ செத்த அண்ணனின் வீரப் பதக்கத்தை லெட்டிஸின் நாய்க் கழுத்தில் மாட்டிவிடுகிறான். கூட்டம் சிரித்து உருள்கிறது. செண்பகமும் சிரித்தாள். சிரித்தால் கண்ணில் நீர் வரும், நீர் வரக் கூடாது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடக்கினாள்.

பாதியில் கரண்ட் போயிற்று. அண்ணாச்சி குத்துவிளக்கை ஏற்றிவைத்தார். புத்தகத்தின் முதுகு விட்டுப்போனதால் கையில் பிடித்தால் தாள் உதிரும். அதனால் தரையில் உட்கார்ந்து மணைப்பலகை மேல் துண்டு விரித்து அதில் வைத்துப் படித்தேன். வகுப்பில் படித்துப் படித்து எனக்கு வாசிக்கும்போது ஒரு ராகம் வந்துவிடும், மாணவிகள் கேலி செய்வார்கள். அடுத்த வீட்டு முனியம்மா பழைய துணி ஏதாவது கிடைக்குமா என்று கேட்க வந்தவள் வாசலில் நின்றாள். விளக்கு, பலகை, மஞ்சள் ஏறிய பழைய புத்தகம், ராகம் போட்டு வாசிக்கிற அயலூர்க்காரி. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். துணி விஷயத்தை மறந்தே போனாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் குளித்துத் திருநீறு பூசியிருந்தார்கள். ஆடு மேய்க்கிற இருளப்பன் ஒரு தேங்காயும் வெற்றிலையும் கொண்டுவந்து புத்தகத்துக்கு முன்னால் வைத்தார். அறுபது வயதிருக்கும். கொஞ்சம் நிலமும் உண்டு, அதிலும் விதை மண்ணுக்குள்.

"எத்தன நாள் படிப்பு தாயி?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. செண்பகம்தான் சொன்னாள். மழை பொய்த்தால் இந்த ஊரில் பழைய ராஜாக்கள் கதையை ராகம் போட்டு வாசிப்பார்கள். வாசித்துக்கொண்டிருந்தவர் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார், ஏட்டையும் எடுத்துக்கொண்டார். போன இரண்டு வருஷமும் வாசிப்பு இல்லை. இந்த வருஷம் செண்பகம் காவேரிக் கரையிலிருந்து ஆளைக் கூட்டி வந்துவிட்டாள் என்று முனியம்மா ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். தண்ணீர் உள்ள ஊரிலிருந்து ஆள் வந்தால் அதற்கு ஒரு தனி பலம் அல்லவா.

நான் பதறிப்போனேன். "ஐயா, இது அந்த மாதிரிக் கதை இல்லை. இது இங்கிலீஷ் புத்தகம். சீமையில பணக்காரப் பிள்ளைகள் குடிச்சு ஆடின கதை."

"இங்கிலீசுன்னு கேட்டாலே தெரியுதே" என்றார் இருளப்பன் பொறுமையாக. "ராஜா உண்டுமா அதுல?"

"பிரபு உண்டு."

"சண்ட?"

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."

"அந்த ஊர்ல மழ பெய்யுமா?"

"லண்டன்லயா? வருஷம் பூரா பெய்யும்."

"பெறகு என்ன? நமக்குப் புரியாட்டா என்ன தாயி, மழைக்குப் புரிஞ்சாப் போதும்." பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "ஒண்ணுதான். தொடங்குனா முடிக்கணும். நடுவுல ஒரு தாளு தள்ளப்படாது. எங்கன தள்ளுதமோ அங்கன மழையும் தள்ளிப் போயிரும்."

நான் செண்பகத்தைப் பார்த்தேன். கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை. "படி" என்றாள். "நான் தமிழ்ல சொல்லுதேன்."

அப்படித்தான், முதல் அத்தியாயத்திலிருந்தே திரும்ப நடந்தது. நான் ஒரு பத்தி படிப்பேன், அவள் தமிழில் சொல்வாள். ரோலோ ஜமீன் பையன் ஆனான். லெட்டிஸ் பெயர் யாருக்கும் வாயில் நுழையாமல் லட்சுமி ஆகிவிட்டாள். வேலைக்காரர் உடுப்பு விருந்தைச் செண்பகம் நடித்தே காட்டினாள். விடுதியிலும் இப்படித்தான் காட்டுவாள், அறை அறையாக வந்து கேட்பார்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

"சோலி எதுவும் கெடையாதா அவியளுக்கு?" என்றாள் ஒருத்தி.

முனியம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "மூத்தவன் சண்டையில செத்துட்டாம்லா. அந்த வீட்டுல இளையவன் வேற எப்படித் திரிவான்? பதக்கத்த நாய்க்குப் போடுதாம்னா, அவனால அதப் பாக்க முடியல."

எனக்கு முகம் சுட்டது. இருபத்தைந்து வருஷமாக அந்தப் பதக்கம் வரும் இடத்தை 'நகைச்சுவை உத்தி' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. அந்தப் பையன் அண்ணனுக்காக அழுகிறான் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தைப் படித்தாலும் சாவு வீட்டில் இருந்து படிக்கிற மாதிரியே இருந்தது.

நான்காம் நாள் மதியம் கிழக்கே மேகம் கூடியது. தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடுமாம். அண்ணாச்சி மட்டும் காரணமில்லாமல் மூன்று முறை வெளியே போய்விட்டு வந்தார். சாயங்காலம் பதினைந்து இருபது பேர் வந்துவிட்டார்கள். இருளப்பன் மேய்ச்சலிலிருந்து நேராக, கடைசியாக வந்து உட்கார்ந்தார்.

அன்றைய அத்தியாயம் எதுவென்று எனக்குக் காலையிலிருந்தே தெரியும். மழை விருந்து. நாவலிலேயே புகழ் பெற்ற அத்தியாயம் அது. ஒரு கோடையில் இங்கிலாந்தில் மழையே இல்லை. கிராமத்துப் பயிரெல்லாம் காய்கிறது, ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் அளந்து விடுகிறார்கள். லெட்டிஸுக்கு மழை பார்க்க ஆசை வருகிறது. தீயணைப்பு வண்டியை வரவழைத்து, ஊர்க் குளத்தில் குழாயைப் போட்டு, அத்தை மாளிகையின் கண்ணாடிக் கூரை மேல் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்கிறாள். உள்ளே எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார்கள். விடிந்தபோது குளத்தில் சேறு மட்டும் இருக்கிறது. தோட்டக்காரன் கரையில் நின்று பார்க்கிறான்.

இதைப் படித்துவிட்டு விடுதி மொட்டைமாடியில் நாங்களும் ஒரு மழை விருந்து வைத்தோம். யோசனை செண்பகத்துடையதுதான். லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்த மாதம் அது. இரண்டு டிரம் தண்ணீரை மோந்து மோந்து ஒருவர் தலையில் ஒருவர் ஊற்றினோம். வார்டன் கத்தியபோது செண்பகம் நனைந்த தலையோடு என்னிடம் சொன்னாள்: "திட்டட்டும் ஏட்டி. எங்க ஊர்ல ஒரு கொடம் தண்ணிக்கு நாங்க நிக்க நெல ஒனக்குத் தெரியாது. ஆயுசுல ஒரு தடவையாவது கணக்குப் பாக்காமக் கொட்டணும்னு இருந்தேன்."

அந்த அத்தியாயத்தை இந்தப் பதினைந்து இருபது பேர் முன்னால், இவர்கள் விதை இருபத்தியொரு நாளாகப் புழுதியில் கிடக்கும்போது, எப்படிப் படிப்பது? அவள் அதைத் தமிழில் வேறு சொல்வாள். குளத்தை வற்றவைத்து ஆடினார்கள் என்று இந்த முனியம்மாவிடம் சொல்வாள். எனக்கு வாய் வரவில்லை. தண்ணீரில் நின்று மழையைத் திட்டிக்கொண்டு வந்தவள் நான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டி, அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியை அதே ராகத்தில் எடுத்தேன்.

செண்பகம் ஒரு கணம் தயங்கினாள். பிறகு நான் படித்ததைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மதியத்துக்குள் முடித்தோம். டிக்கெட் இருந்த பக்கம் வந்ததும் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அதற்கு மேல் அவளுக்கும் புதுக்கதை. இரண்டாவது போர் வருகிறது. விருந்துக்கு வந்த பையன்கள் எல்லோரும் பட்டாளத்தில் சேர்கிறார்கள். ரோலோ போகுமுன் அண்ணனின் பதக்கத்தைத் தேடி லெட்டிஸ் வீட்டுக்கு வருகிறான். நாய் செத்து ஐந்து வருஷம் ஆகிறது, கழுத்துப் பட்டையோடு புதைத்துவிட்டார்கள், எந்த இடம் என்று யாருக்கும் நினைவில்லை. அவன் மண்வெட்டியோடு தோட்டத்தை அங்கங்கே தோண்டிக்கொண்டிருக்க, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கார் ஒலி எழுப்புகிறது. அதோடு நாவல் முடிகிறது.

"கெடச்சுதா?" என்றாள் முனியம்மா.

"இல்லை."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செண்பகம் டிக்கெட்டை நாலாக மடித்தாள். "இதுக்குத்தானாட்டி முப்பது வருசம் காத்துக் கெடந்தேன்" என்றாள். சுண்டல் கொடுத்தார்கள். நான் இடது பக்கம் மென்றேன்.

நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. காற்று நின்றது. முதல் துளி புழுதியில் விழுந்ததும் எழுந்த வாசனைக்கு ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. செண்பகம் நனையக் கூடாது என்று வாசல்படியிலேயே நின்று கையை மட்டும் நீட்டினாள். எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. படித்த படிப்பெல்லாம் ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது. நான்தான் கொண்டுவந்தேன் என்றுகூட நினைத்தேன்.

பத்து நிமிஷம் பெய்திருக்கும். பிறகு மேகம் மேற்கே நகர்ந்துபோய், வெயில் அடித்தது.

யாரும் வீட்டுக்குள் போகவில்லை. இருளப்பன் தெருவோரத்துக் காட்டில் இறங்கி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். "ரெண்டு வெரக்கட ஈரந்தான்" என்றார். அண்ணாச்சி அப்படியே வரப்பில் உட்கார்ந்தார்.

"எல்லா வெதயும் எந்திரிச்சிரும், டீச்சர்" என்றார். யாரோ தவறிப்போன செய்தியைச் சொல்கிற குரல்.

இருளப்பன் கையைத் துடைத்துக்கொண்டு பொதுவாகச் சொன்னார். "தாயி ஒழுங்காத்தான் படிச்சா. தப்பு நம்மளுது. நேத்து நான் ஆட்டுக்குப் போயிட்டுக் குளிக்காம வந்து உக்காந்தேன். நேரமாயிட்டேன்னு. அதான் பாதியோட போயிட்டுது."

யாரும் மறுக்கவில்லை. அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். 'இல்லை ஐயா, தாள் தள்ளியது நான்' என்று ஐந்து வார்த்தை. எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது, அதனால் சொல்ல எதுவும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் நின்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது செண்பகம் கேட்டாள்.

"மழ விருந்தத் தள்ளிட்டல்லா?"

"கவனிச்சியா?"

"ஆப்ரேசன் கண்ணுலதாம்ட்டி. காதுல இல்ல."

"அவங்க முன்னாடி அதை எப்படிடி படிக்கறது? கூச்சமா இருந்துச்சு."

"எனக்கும்தான். அதான் நானும் சொல்லாம இருந்தேன்." பஸ் வரும் திசையில் கருப்புக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டாள். "இருளப்பண்ணன் ராத்திரி சாப்பிடலியாம்."

ஊர் வந்து சேர்ந்தேன். பல்லை அடைத்துக்கொண்டேன். தெருவில் தண்ணீர் வடிந்து, திரும்ப நின்றது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அவளிடமிருந்து போன்.

"முளச்சுதுட்டி. ஆறு ஏக்கரும் முளச்சுது. நாலு நாளு அப்படி ஒரு பச்ச. ஒங்க அண்ணாச்சி காட்டுப் பக்கமே போகல, பாக்க மாட்டேன்னுட்டாவ. அதுக்குப் பெறவு வெயில்ல நின்னுக்கிட்டே கருகிட்டு."

"இனிமே?" என்றேன்.

"திரும்பப் போட்டாச்சு. முந்தாநாளு." கொஞ்சம் நிறுத்தினாள். "வெத ஏதுன்னு கேளு. இருளப்பண்ணன் அடுத்த வருசத்துக்குன்னு ஒதுக்கி வச்சிருந்த உளுந்து. பாதிய அவரு காட்டுல போட்டாரு, பாதிய எங்களுக்குத் தந்துட்டாரு. என்னாலதான கெட்டுதுன்னு சொல்லித் தந்தாரு, ஏட்டி. நான் வாங்கிக்கிட்டேன்."

"அவர்கிட்ட சொல்லலையா நீ?"

"இப்பதான் சொன்னேன். தாளு தள்ளுனது நாங்கதான்னு சொல்லிட்டேன். இங்கன பக்கத்துலதான் நிக்காரு."

"என்ன சொன்னார்?"

"விட்டதப் படிக்கச் சொல்லுன்னாரு. காட்டுலதான் நிக்கோம். போன ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். படி, நான் தமிழ்ல சொல்லுதேன். ஒண்ணும் விடாத."

புத்தகத்தை எடுத்து வந்து பலகையைப் போட்டு அதில் வைத்தேன். மழை இல்லாத கோடை, காய்ந்த புல்வெளி என்று அத்தியாயம் தொடங்கியது. நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நூற்றைம்பது மைலுக்கு அப்பால் அவள் குரல் அதைத் திறந்த வெளியில் தமிழாகச் சொல்லிக்கொண்டே வந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. குளத்தில் குழாயைப் போட்டார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். நடுவில் செண்பகம் நிறுத்தினாள்.

"ஒம் பக்கம் என்னட்டி, ஒரே எரைச்சலா கேக்கு?"

வெளியே ஓட்டின் மேலும் வாழையின் மேலும் தெருத் தண்ணீரின் மேலும் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஃபேன்" என்றேன். "பழசாப் போச்சு."

எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்து, விட்ட வரியிலிருந்து படித்தேன்.